பிறைக் கரையின் காற்பந்து இரசிகர்கள்: பினாங்கு அணியின் ஏற்றத்தாழ்வும் ஆதரவாளர் மனக்குறையும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் தோட்டம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில், அரசியல் கட்சி ஆகியவற்றைப் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். விளையாட்டு அரங்கில் கூடிய தமிழர் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர் சிலரின் பெயர்கள் நம் நினைவில் நிற்கின்றன. ஆயினும் நுழைவுச் சீட்டு வாங்கி, படிகளில் நெருங்கி அமர்ந்து, தொண்டை வறளக் கூவி, தோல்வியுற்ற இரவில் மனங்கசந்து வீடு திரும்பிய இரசிகருக்கு வரலாற்று நூல்களில் இடமில்லை.

இக்கட்டுரை, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பிறை வட்டாரத்திலிருந்து அம்மாநிலக் காற்பந்து அணியின் வரலாற்றை நோக்குகிறது. இரண்டு வினாக்கள் இதில் எழுப்பப்படுகின்றன. நிருவாகத்தின் மீதும் திறம்பட ஆடாத ஆட்டக்காரர் மீதும் இரசிகர் கொண்ட மனக்குறையின் இயல்பு யாது? அம்மனக்குறையை வெளிப்படுத்த அவருக்கு இருந்த வழிகள் எவை? தோல்வியே மனக்குறைக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். அதனை நாம் முழுமையாக ஏற்கவில்லை. அணியைத் தமதென்று கருதிய ஒருவருக்கு அவ்வணியின் மீது எவ்வித அதிகாரமும் இல்லாதிருந்த நிலையே அம்மனக்குறையின் வேர் என்பது நம் கருத்து.

பிறையும் அக்கரை அரங்கமும்

மலாய் மொழியில் 'பெராய்' எனப்படும் ஊரைத் தமிழர் 'பிறை' என்றே வழங்கிவருகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்னும் இப்பெருநிலப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்த காலத்தையொட்டிக் கரும்பு மறைந்து இரப்பர் பரவியது. வட மலாயாவின் இரயில் பாதை பிறையில் முடிந்தமையால் இரயில்வேத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் இங்குக் குடியேறினர். பிறையில் இறங்கிய பயணிகள் இரயில்வேயின் படகிலேறி ஜார்ஜ்டவுனை அடைந்தனர். 1967இல் இரயில் முனையம் பட்டர்வொர்த்துக்கு மாறியது. 1970களில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது தோட்டப் பிள்ளைகள் ஆலைத் தொழிலாளராயினர்.

இவ்வூரார் ஆதரித்த அணியின் அரங்கமோ அக்கரையில் இருந்தது. ஜார்ஜ்டவுனின் டத்தோ கெராமாட் சாலையை அடுத்துள்ள நகர அரங்கம் 1932இல் எழுந்தது. இன்றும் பயன்பாட்டிலுள்ள மலேசிய அரங்குகளுள் மிகப் பழமையானதாக அது கருதப்படுகிறது. அங்கெழுந்த ஆரவாரத்திற்குக் 'கெராமாட் முழக்கம்' என்றே பெயர் உண்டாயிற்று. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்படும் வரை, பிறையிலிருந்து ஆட்டம் பார்க்கச் செல்வோர் கடலைப் படகில் கடந்தாக வேண்டும். வேலை முடிந்து, பேருந்தேறி, படகேறி, பிறகு நடந்தோ மிதிவண்டி வாடகைக்கு அமர்த்தியோ அரங்கை அடைந்து, ஆட்டம் முடிந்தபின் அதே வழியில் இரவில் திரும்ப வேண்டும். நுழைவுச் சீட்டின் விலையை மட்டும் கணக்கிட்டால் இரசிகர் செலுத்திய விலை விளங்காது. ஒருநாட் கூலியின் ஒரு பகுதியையும் ஓய்வுநேரம் முழுவதையும் அவர் அணிக்கு அளித்தார். அவர் அணியிடம் கணக்குக் கேட்கும் உரிமை தமக்குண்டு என்று எண்ணியதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டக்காரர் அண்டை வீட்டாராக இருந்த காலம்

பிரித்தானியப் போர்க்கப்பலான மலாயா இங்கு வந்தபோது அதன் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்கான போட்டி 1921இல் தொடங்கியது. மலாயாக் கிண்ணம் எனப்பட்ட இது 1967 முதல் மலேசியக் கிண்ணமாயிற்று. தொடக்க ஆண்டிலேயே களமிறங்கிய பினாங்கு, கிண்ணத்தை முதன்முறையாக வெல்ல 1953 வரை காத்திருக்க நேர்ந்தது. அடுத்து 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1974 இறுதியாட்டத்தில் பேராக் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றதே இன்றுவரை பினாங்கு பெற்ற கடைசி மலேசியக் கிண்ணமாகும்.

முதல் வெற்றிக்கு முன்பு 32 ஆண்டுகள் கழிந்தன என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. அவ்வளவு காலமும் இரசிகர் கூட்டம் கலைந்துவிடவில்லை. கிண்ணமின்றியும் ஓர் அணி ஆதரவைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்ததற்கு அக்கால ஆட்டமுறையே காரணம் எனலாம். 1989இல் பகுதித் தொழில்முறை லீக் தொடங்கும் வரை ஆட்டக்காரர்கள் அரசுத் துறைகளிலும் நகராண்மையிலும் வங்கிகளிலும் வேலை பார்த்தவர்கள். பகலில் அலுவலகத்திலும் மாலையில் திடலிலும் அவர்களைக் காணலாம். மோசமாக ஆடிய ஒருவரை மறுநாள் கடைத்தெருவிலேயே நிறுத்திக் கேட்கலாம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று முகத்தெதிரே சொல்லவும் செய்யலாம். அவரும் விளக்கம் சொல்வார். மனக்குறை இருந்தது, அதனைக் கேட்கும் செவியும் அருகில் இருந்தது.

நமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா சகோதரர்களையும் இசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களையும் தேசிய அணிக்கு அளித்த மாநிலம் பினாங்கு. அதே தலைமுறையில் தேசிய அணியில் மு. சந்திரன், கோல்காவலர் ஆர். ஆறுமுகம் முதலிய தமிழர் விளங்கினர். மலேசியா 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பில் பங்கேற்றதால் செல்லவில்லை. தோட்டத் திடலில் பந்துதைத்த தமிழ்ச் சிறுவனுக்கு அக்காலத்தில் தேசிய அணி எட்டாத இடமாகத் தோன்றவில்லை. மலாயா இந்தியர் காற்பந்துச் சங்கம் நடத்திய தீவிக் கிண்ணம் போன்ற போட்டிகள் அதற்குப் படிக்கற்களாயின. மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் தீவியின் பெயரால் அமைந்தது அக்கிண்ணம்.

பினாங்கு 1982இல், லீக் முறையில் வெற்றியாளரைத் தேர்ந்த முதல் ஆண்டிலேயே, முதலிடம் பெற்றது. ஆயினும் ஆட்டக்காரர் அண்டை வீட்டாராக இருந்த காலம் அப்பத்தாண்டுடன் முடிவுற்றது.

1994: நம்பிக்கை முறிந்த ஆண்டு

தொழில்முறை லீக் வந்ததும் பணம் பெருகியது, வெளிநாட்டு ஆட்டக்காரர் வந்தனர், அரங்குகள் நிரம்பின. கூடவே சூதாட்டத் தரகர்களும் வந்தனர். 1994ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆட்ட முடிவுகள் விலைக்கு விற்கப்பட்டமை வெளிப்பட்டது. தொடர்ந்த விசாரணையில் 126 பேர் விசாரிக்கப்பட்டதாகவும், 58 ஆட்டக்காரர் தடைசெய்யப்பட்டதாகவும், ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டதாகவும் பதிவுகள் கூறுகின்றன. சிலர் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்த் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். 1994இல் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற சிங்கப்பூர், அதன்பின் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. சிங்கப்பூரில் தண்டிக்கப்பட்ட தரகர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதைத் தமிழர் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் மறைப்பதற்கில்லை.

அப்போது நாம் பள்ளி மாணவர். நம் வீட்டருகே ஓய்வுபெற்ற இரயில்வேத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். ஆட்ட நாள்களில் அவரது தலைமையில் ஒரு குழுவே படகேறும். 1995இல் அவர் போவதை நிறுத்திவிட்டார். பல்லாண்டுகள் கழித்துக் காரணம் வினவியபோது அவர் கூறியது நம் நினைவில் நிற்கிறது: "தோற்றதுக்காக நிறுத்தலை, தம்பி. தோற்கட்டும். ஒருத்தன் பந்தைத் தவறவிட்டால், கால் தவறியதா, காசு வாங்கியதா என்று யோசித்துக்கொண்டே எப்படி ஆட்டம் பார்ப்பது?"

இக்கூற்று மனக்குறையின் இயல்பு மாறியதைத் தெளிவாகக் காட்டுகிறது. முன்பு இரசிகர் ஆட்டக்காரரின் திறமையைக் குறைகூறினார்; இப்போது அவரது நேர்மையையே ஐயுற்றார். திறமைக் குறைவைப் பயிற்சியால் போக்கலாம். ஐயத்தைப் போக்க நிருவாகம் வெளிப்படையாக நடந்துகொள்ள வேண்டும். எந்த அணியில் எவர் குற்றவாளி, எவர் குற்றமற்றவர் என்பது முழுமையாகப் பொதுமக்கள் முன் வைக்கப்படாத நிலையில், நேர்மையாக ஆடியவர் மீதும் அந்நிழல் விழுந்தது. தண்டனை பெரும்பாலும் களத்தில் நின்றோருக்கே கிடைத்தது. ஊதியமும் கண்காணிப்பும் யாருடைய பொறுப்பில் இருந்தனவோ அவர்களைப் பற்றிய வினா எழுந்த வேகத்திலேயே அடங்கியது.

வானவழித் தொலைக்காட்சிச் சேவையான ஆஸ்ட்ரோ 1996இல் தொடங்கியது. அதன்வழி ஆங்கிலேயப் பிரிமியர் லீக் ஆட்டங்கள் உணவுக்கடைகளின் திரைகளுக்கு வந்தன. கெராமாட் படிகளை விட்டகன்ற இரசிகருக்கு மான்செஸ்டரும் லிவர்பூலும் எளிதில் கிடைத்தன. இதனை வெறும் இரசனை மாற்றமாகக் கருதுதல் பொருந்தாது. வாக்கில்லாதோர் வெளியேறுவதன் மூலம் அளித்த தீர்ப்பு என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

பத்து காவான்: அரங்கம் அருகில் வந்தபோது

மேற்கண்ட கருத்துக்குத் தக்க சான்று அடுத்த பத்தாண்டில் கிடைக்கிறது. பினாங்கு 1998இலும் 2001இலும் லீக் வெற்றியாளராயிற்று. 2002இல் பேராக்கை 1-0 என வென்று எஃப்ஏ கிண்ணத்தைப் பெற்றது. மொரோக்கோ நாட்டு முன்னணி ஆட்டக்காரர் மெர்சாகுவா இக்காலத் தலைமுறையின் நாயகர். மனக்குறைக்குத் தோல்விதான் காரணம் என்றால் இவ்வெற்றிகள் பழைய கூட்டத்தை முழுமையாக மீட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

இதே காலத்தில் அரங்கமும் பெருநிலத்திற்கு வந்தது. 2000ஆம் ஆண்டின் சுக்மா விளையாட்டுகளுக்காகப் பத்து காவானில் ஏறத்தாழ 40,000 பேர் அமரத்தக்க மாநில அரங்கம் கட்டப்பட்டது. கரும்பும் பின்னர் இரப்பரும் செம்பனையும் விளைந்த, தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்த தோட்ட மண் அது. தோட்டங்கள் நகர்ப்புற வளர்ச்சிக்காக மாற்றப்பட்டபோது வரிசை வீடுகளோடு தோட்டத் திடல்களும் மறைந்தன. தேசிய அணியில் தமிழ்ப் பெயர்கள் அருகியமைக்குத் தேர்வாளரின் பாரபட்சமே காரணம் என்று நம்மவர் அடிக்கடி குறைகூறுவதுண்டு. அது தனித்து ஆராயத்தக்கது. ஆயினும் சிறுவர் மாலைதோறும் பந்துதைத்த திடல்கள் மறைந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். படகேறிச் சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அரங்கம் வீட்டருகே வந்தது. அதற்குள் ஆடுவதற்குரிய சிறுதிடல் போய்விட்டது.

தீவிலிருந்த இரசிகருக்கோ பத்து காவான் தொலைவாயிற்று. இரண்டாம் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. பேருந்து வசதி குறைவு, இரவில் திரும்பும் இடர் ஆகியன பற்றிய முறையீடுகள் எழுந்தன. 40,000 இருக்கைகளுக்கு நடுவே சில ஆயிரவர் அமர்ந்தால் முழக்கம் எழுவதில்லை. அணி பின்னாளில் நகர அரங்கத்திற்கே திரும்பியது. இரசிகரைக் கலந்து முடிவெடுக்கும் வழக்கம் இல்லாத நிருவாகம், எவ்வளவு பெரிய அரங்கத்தைக் கட்டினாலும் கூட்டத்தைக் கட்ட இயலாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஆட்டக்காரரா, நிருவாகமா?

எஃப்ஏ கிண்ணத்தை வென்ற 11 ஆண்டுகளில், அதாவது 2013இல், பினாங்கு மூன்றாம் தரப் போட்டியான எஃப்ஏஎம் லீக்கில் ஆடியது. அவ்வாண்டே அதை வென்று மீண்டது. 2015இல் சூப்பர் லீக்கிற்குத் தகுதி பெற்றது. 2016 பிப்ரவரி 16ஆம் நாள் நகர அரங்கில் பகாங் அணிக்கு எதிராக முகமது ஃபாய்ஸ் சுப்ரி அடித்த, காற்றில் திசைமாறிய ஃப்ரீகிக் கோல், அவ்வாண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபா புஸ்காஸ் விருதைப் பெற்றது. ஆசியர் ஒருவர் அவ்விருதை முதன்முதலாகப் பெற்றார். மறு ஆண்டே, 2017இல், அதே அணி சூப்பர் லீக்கின் கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டுத் தரமிறங்கியது. 2020இல் பிரிமியர் லீக்கை வென்று திரும்பி, 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாமிடம் பெற்று, 2022இல் மீண்டும் கடைசி இடத்தை அடைந்தது. லீக் அமைப்பு மாற்றியமைக்கப்பட்டதால் அம்முறை தரமிறக்கம் நேரவில்லை.

இவ்வரிசை நமக்கு உணர்த்துவது யாது? மூன்றாமிடத்திலிருந்து கடைசி இடத்திற்கு ஓராண்டில் வீழ்ந்த அணியின் ஆட்டக்காரர் அனைவரும் ஒரே ஆண்டில் திறமை இழந்தனர் என்று கொள்வது பொருந்தாது. நீண்டகாலத் திட்டம், இளையோர் பயிற்சி, நிலையான நிதி ஆகியன அமைந்த அணி ஓராண்டு தளரலாம். இவ்வாறு மாறிமாறி ஏறி இறங்குவது அரிது. 2014 முதல் 2025 வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற ஜொகூர் டாருல் தக்சிம் அணியை ஒப்பிட்டால் இது விளங்கும். அவ்வணியின் நிதிவளம் பிறர்க்கு எட்டாதது என்பது உண்மையே. எனினும் பணத்தோடு தொடர்ச்சியும் அங்கு இருந்தது.

மறுபுறம், ஊதிய நிலுவை நாடு முழுவதும் பரவிய நோயாயிற்று. பெர்லிஸ் அணி 2019இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகியவற்றுக்கு 2023 பருவத்திற்கான உரிமம் கிடைக்கவில்லை. 2025இல் பினாங்கின் அண்டை மாநிலங்களான கெடாவும் பேராக்கும் சூப்பர் லீக்கில் இடம்பெறவில்லை; முன்னதற்கு உரிமம் மறுக்கப்பட்டது, பின்னது விலகிக்கொண்டது. பல மாத ஊதியம் பெறாத ஆட்டக்காரர் களத்தில் சோர்ந்து நிற்பதை இரசிகர் காண்கிறார். அவரது வங்கிக் கணக்கைக் காண்பதில்லை. எனவே வசை களத்தில் நிற்பவர் மீதே விழுகிறது. 'உழைக்காமல் சம்பளம் வாங்குகிறான்' என்று இரசிகர் கூவும்போது அவனுக்குச் சம்பளமே வராதிருந்திருக்கலாம். இது கூலி நிலுவையின் கொடுமையைத் தம் முன்னோர் வழியாக அறிந்த சமூகம் நின்று எண்ண வேண்டிய செய்தியாகும்.

ஆட்டக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் வாதிடவில்லை. உடற்தகுதியைப் பேணாமையும் பொறுப்பின்றி ஆடுதலும் கண்டிக்கத்தக்கவையே. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் குறையைக் கண்ணுக்குத் தெரியாத குறையிலிருந்து பிரித்தறிவது வரலாற்றாய்வாளர் கடமை.

குரல் கொடுத்த வழிகள்

மலேசிய இரசிகர் வெளியேறுதலை மட்டுமே வழியாகக் கொண்டிருக்கவில்லை. 2007இல் தோன்றிய அல்ட்ராஸ் மலாயா இயக்கத்தைத் தொடர்ந்து மாநிலந்தோறும் ஒழுங்கமைந்த ஆதரவாளர் குழுக்கள் பெருகின. பினாங்கில் 'ஹாரியா பினாங்' என்னும் முழக்கம் இளையோர் வாயில் புத்துயிர் பெற்றது. 2015 செப்டம்பர் 3ஆம் நாள் மலேசியா ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 எனத் தோற்றது. ஐந்து நாள்களுக்குப் பின் ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது, தேசியச் சங்கத் தலைமையின் மீதிருந்த சினத்தால் இரசிகர் சிலர் தீப்பிழம்புக் குச்சிகளைத் திடலில் எறிந்தனர். 87ஆம் நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. வெற்றி சவூதிக்கு வழங்கப்பட்டது. உயிருக்கு ஊறு விளைவிக்கும் இச்செயலை ஏற்க இயலாது. ஆனால், முறையான வாயில்கள் அடைக்கப்பட்ட இடத்தில் சினம் எவ்வடிவம் கொள்கிறது என்பதை அது உணர்த்தியது.

பிற நாடுகளில் வேறு வாயில்கள் உள்ளன. ஜெர்மனியில் 1998 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினரிடம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகம் வேற்றூருக்கு மாற்றப்பட 2002இல் இசைவு அளிக்கப்பட்டபோது, இரசிகரே ஒன்றுகூடி அதே பெயரில் புதுக் கழகம் அமைத்தனர். ஒன்பதாம் தரத்திலிருந்து தொடங்கி 2011இல் ஃபுட்பால் லீக்கிற்குள் நுழைந்தனர். மலேசியாவில் மாநிலச் சங்கங்களிலிருந்து கழகங்கள் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமான அண்மைய மாற்றத்தின்போது, உரிமை அரசியல்வாதியரிடமிருந்து முதலீட்டாளரிடம் செல்வது பற்றியே பேச்சு நிகழ்ந்தது. இரசிகருக்கு அதில் பங்குண்டா என்னும் வினா வலுவாக எழவில்லை.

முடிவுரை

பிறையின் இரசிகர் வரலாறு மூன்று உண்மைகளை முன்வைக்கிறது. முதலாவது, 32 ஆண்டுகள் கிண்ணமின்றிப் பொறுத்தவர்கள் நம்பிக்கை முறிந்தபோது ஓராண்டில் வெளியேறினர். எனவே மனக்குறையின் அளவுகோல் தோல்வியன்று. இரண்டாவது, ஆட்டக்காரர் மீது விழும் வசையில் பெரும்பகுதி, வெளிப்படையாகக் கணக்குக் காட்டாத நிருவாகத்திற்கு உரியது. மூன்றாவது, மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் நெருங்கி ஒரே அணிக்காகக் கூவிய பொதுவிடங்கள் இந்நாட்டில் பல இல்லை. கெராமாட் படிகள் அவற்றுள் ஒன்று. அங்கிருந்து தமிழர் விலகி உணவுக்கடைத் திரைமுன் அமர்ந்தபோது, அணி இழந்தது நுழைவுக் கட்டணத்தை. நாம் இழந்தது ஒரு பொதுவிடத்தை.

படகேறிச் சென்று ஆட்டம் பார்த்த தலைமுறை மறைந்துவருகிறது. சங்கங்களின் நிகழ்ச்சிக் குறிப்பேடுகளில் அவர்களின் குரல் பதிவாகவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, தாத்தாக்களிடம் ஆட்ட நாள் நினைவுகளைக் கேட்டு எழுதச் செய்தால், அது மொழிப் பயிற்சியாகவும் வரலாற்று ஆவணமாகவும் அமையும். அம்முதியோர் ஏன் போனார்கள் என்று மட்டுமன்றி, ஏன் போவதை நிறுத்தினார்கள் என்றும் கேட்க வேண்டும். இரண்டாம் வினாவின் விடையிலேதான் அவர்கள் அளிக்க இயலாதுபோன வாக்கு பதிந்திருக்கிறது.